ஆரியங்கோட்டிலிருந்து வந்த பதில்

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும். புளியமரம், வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ வாசம்... ஒரே சரக்கை எத்தனை காலம்தான் விற்பார்கள்? அதை வாய் பிளந்து கேட்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் இளக்காரம். இப்போது நானே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நம்புங்கள் என்று கெஞ்சப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். கண்ணால் பார்த்தேன். கையால் தொட்டேன்.

1999, ஐப்பசி மழை; மலையாளிகளுக்குத் துலா மாதம். திருவனந்தபுரத்தில் எட்டுப் பேர் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில் நான் இன்ஜினியர். நாங்கள் ஒரு ரூட்டர் செய்திருந்தோம். ஓர் ஊரிலிருக்கும் கம்ப்யூட்டரை இன்னோர் ஊரிலிருக்கும் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற பெட்டி அது. வெளிநாட்டுப் பெட்டிகள் ஃபேன் வைத்து இரையும். எங்களுடையது டிபன் பாக்ஸ் அளவுதான். ஒரு நைட் லாம்ப் தின்கிற கரண்ட் போதும். பைக் பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க ஓடும்.

ஒரு ரப்பர் கம்பெனி அதை வாங்குவதாக இருந்தது. ஆரியங்கோட்டில் அவர்களுக்கு ரப்பர்ப் பால் சேகரிக்கும் நிலையம் உண்டு. அங்கிருந்து பாறசாலையில் ஒரு வீட்டு மாடிக்கு வந்த போன் வயர் ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சோதனைக்குத் தந்தார்கள். கம்பெனி வயர் எதற்கு ஒரு வீட்டுக்கு வருகிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கு வயர் இருந்தால் போதும். மறுநாள் காலை ரப்பர் கம்பெனி முதலாளி வந்து பார்ப்பார். வேகம் வராவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் எங்கள் கம்பெனியே இல்லை.

பாறசாலை முனையில் நான். ஆரியங்கோடு முனையில் ஜூனியர் ஜெனில். ஸ்விட்ச் போடும் முன் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிற ஆள். "ஜெபத்துல ஓடுற மிஷின் இல்லலே இது" என்று அவனை நான் கேலி செய்யாத நாள் கிடையாது.

அந்த வீட்டுக்காரி சரோஜம். கீழே தனியாக இருந்தார். மாடிச் சாவியைத் தரும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"மக்கா, கீழ் வாசலைப் பூட்டாண்டாம், கேட்டியா. பஸ்ஸுக்கு ஆளு வரவேண்டியது உண்டு."

கணவர் எங்கோ வேலைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டுக்கொள்ள எனக்கு நேரமில்லை.

சோதனை எளிது. இங்கிருந்து ஒரு ஃபைலை அனுப்பினால் ஜெனிலிடம் இருக்கும் பெட்டி அதை அப்படியே திருப்பி அனுப்பும். எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அதுதான் வேகம். கூடவே விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறாயா?' என்று ஒரு சின்னக் கேள்வி போகும். பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று லேப்டாப் திரையில் விழும். அந்த வயரில் நூற்றைம்பதுக்குக் கீழே போகவே போகாது. கடவுளே வந்தாலும்.

மாலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். பதில் 180. வேகம் விநாடிக்கு மூன்று கிலோபைட். நான் சொன்ன கணக்கு. இரண்டாவது ஃபைலை அனுப்பினேன். திரும்பி வந்தது... நான் அனுப்பியதைவிட ஆறு எழுத்து பெரிதாக இருந்தது.

பெட்டி வழியில் எழுத்தைத் தொலைக்கலாம். கூட்ட முடியாது.

மூன்றாவது ஃபைல். பன்னிரண்டு எழுத்து அதிகம். திறந்து கடைசி வரியைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல். இரண்டு முறை.

வாறேன் வாறேன்

ஜெனிலின் விளையாட்டு! பிழைப்பே தொங்கிக்கொண்டிருக்கும்போது இந்தப் பொடியனுக்குக் குசும்பு. அடுத்த ஃபைலின் கடைசியில் நானும் தட்டினேன். 'வாலே. வந்து தொலை.'

அனுப்பிவிட்டேன்.

ஆறரைக்கு கரண்ட் போனது. அந்த நாட்களில் தினமும் அரை மணி நேரம் பவர் கட். என் பெட்டி பேட்டரியில் ஓடியது. கர்வத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. ஆரியங்கோட்டிலும் இதே நேரம்தான் பவர் கட். நாங்கள் கொண்டுவந்தது ஒரே ஒரு பேட்டரி. அது என் காலடியில் இருந்தது.

அந்தப் பெட்டி செத்திருக்க வேண்டும்.

180.

180.

140.

மறுபடி பார்த்தேன். 90. மோடம் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். கெட்டுப்போனால் நேரம் கூடும்... குறையாது. வேகம் பதினொன்று. பிறகு நாற்பது. அந்த வயரில் அது நடக்காது.

60.

பதில் நேரம் இப்படிக் குறைந்தால் எனக்குத் தெரிந்து ஒரே அர்த்தம்தான். எதிர்முனை கிட்டே வருகிறது.

மோடத்தின் சின்ன ஸ்பீக்கர் தானாகத் திறந்துகொண்டது. ஸ்ஸ்ஸ்... வழக்கமான இரைச்சல் இல்லை. இலைகள் மேல் மழை. நடுவில் ஒரு மூச்சு. நனைந்த செருப்பு... சளக்... சளக்...

30.

கீழே கேட் திறந்தது. சரோஜத்தின் குரல்.

"ஆரு?"



12.

மரப்படி. சளக்... சளக்... இப்போது ஸ்பீக்கரில் இல்லை.

புளித்த ரப்பர்ப் பாலின் நாற்றம்.

5.

கதவு.

1.

பக்கத்து நாற்காலி... கிரீச்.

யாரோ உட்கார்ந்தார்கள்.

நான் திரும்பவில்லை.

ஏழு மணிக்கு கரண்ட் வந்தது. அறையில் யாரும் இல்லை. நாற்காலி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. என் ரூட்டரின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் நெம்பினேன். தோல் மாதிரி உரிந்து வந்தது. ஒட்டுபால். மரத்தில் காய்ந்து ஒட்டும் ரப்பர்ப் பால். வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு உள்ளங்கை. ரேகைகள்கூடத் தெரிந்தன.

சரோஜம் இன்னும் அணைக்காத விளக்கோடு மேலே வந்தார்.

"வந்தாச்சா?"

"ஒருத்தரும் வரல்ல அக்கா."

"படியேறிப் போச்சே. அந்த நடை எனக்குத் தெரியும் மக்கா."

நனைந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கையைச் சேலையில் துடைக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எட்டு மணி இருக்கும். ஜெனில் வந்தான். தோளில் பை. எனக்குக் கோபம் திரும்பி வந்தது. அது பெரிய ஆறுதல்.

"எலே, என்ன விளையாட்டு இது?"

"என்ன விளையாட்டு சார்? கூரை ஒழுகினதுல நாலரைக்கே கழற்றியாச்சு. சொல்லதுக்கு அங்க வேற போன் இல்ல. பஸ் வழியில நின்னு போச்சு."

பையைத் திறந்தான். பாலித்தீன் உறைக்குள் அந்தப் பெட்டி. சில்லென்று இருந்தது.

நான் தொடங்கியது ஐந்தரைக்கு.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். பதில்கள் வந்துகொண்டிருந்தன. 1. 1. 1. ஜெனில் வாய்க்குள் ஜெபத்தைத் தொடங்கினான். இந்த முறை நான் கேலி செய்யவில்லை. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

அதன் பிறகும் இரண்டு பதில் வந்தது.

விடிந்ததும் இருவரும் ஆரியங்கோட்டுக்குப் போனோம். முதலாளி பத்து மணிக்கு வருவார். வயரை மறுபடி மாட்டியாக வேண்டும். ஜெனில் அதைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு வந்திருந்தான். தரையில் வயர் இல்லை. மேஜைக்கு அடியில் சிமெண்ட் பலகையின் விரிசலுக்குள் இறங்கியிருந்தது. இழுத்தேன். வரவில்லை.

காவலாளி தங்கப்பன் எட்டிப் பார்த்தார்.

"அது பழைய பால் தொட்டியாக்கும் சார். மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. ராஜையா சூப்பர்வைசர் காணாமப் போன சமயத்துல."

"எந்த ராஜையா?"

"நீங்க தங்கியிருக்க வீடு அவருக்க வீடுதானே. சரோஜத்துக்க மாப்பிள. வீட்டுக்குப் பேசதுக்குத்தான் கம்பெனி இந்த லைன் கொடுத்தது. அன்னைக்குப் பெஞ்சாதிகிட்ட 'வாறேன்'னு சொல்லிட்டு போனை வச்சாரு. போய்ச் சேரல. வேற ஒருத்தியோட போயிட்டாருன்னு ஊரு சொல்லுது."

கடப்பாரையால் பலகையை நெம்பினோம்.

போலீஸ் வந்தது. ராஜையா எப்படி உள்ளே போனார் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. முதலாளி வரவில்லை. ஆர்டர் போனது. அடுத்த மார்ச்சில் எங்கள் கம்பெனியை மூடினார்கள். ஓடிப்போனவரின் பெண்டாட்டி என்று சரோஜத்தைப் பேசிய அதே வாய்கள் அடக்கத்துக்கு வந்து பாட்டுப் பாடின.

ஈரத்தில் கிடந்த வயரில் எதிரொலி வந்திருக்கும் என்று ஒரு நிபுணர் எனக்கு விளக்கினார். எதிரொலி எழுத்து சேர்க்குமா? நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் அந்தத் தொட்டிக்குள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். டார்ச் அடித்ததே நான்தான். பிளாஸ்டிக் உரித்த இரண்டு செம்பு நுனிகளும் ராஜையாவின் விரல் எலும்புகளில் சுற்றியிருந்தன.

இறுக்கமாக... முறையாக... ஒவ்வொரு நுனியும் மூன்று சுற்று.