றம்லாவின் கட்டிலைச் சுற்றிய பஸ் சீலை

மன்னார்த் தீவில், தோட்டவெளி என்ற ஊரில், அன்ரோனெற்றின் வீட்டு முன்னறைச் சுவரில் ஐந்து பழைய பஸ் சீலைகள் தொங்கின. முந்தி பஸ்ஸின் நெற்றியில், கண்ணாடிக்குப் பின்னால், ஊர்ப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய நீளத் துணிச்சுருள் ஒன்று இருக்கும். கைபிடியைச் சுற்றினால் ஊர் மாறும். அந்தச் சுருள்களைத்தான் அவள் தேடித் தேடிச் சேர்க்கிறாள். நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையை விட்ட பிறகு பிடித்த பழக்கம். ஏன் என்று கேட்டால், "தபால் முத்திரை சேர்க்கிறவையை இப்பிடிக் கேப்பியளோ?" என்பாள்.

ஐந்திலும் கொழும்பும் கண்டியும் காலியும்தான். மன்னார்ப் பக்கத்து ஊர் ஒன்றுகூட இருக்கவில்லை. கொண்டச்சியில் ஒரு வீட்டில் அப்படியொன்று கிடக்கிறது என்று மீன் லொறி ஓட்டும் மில்ரன் சொன்னதும், மறுநாளே பஸ் ஏறினாள்.

சீலை இருந்த இடம்தான் சரியில்லை. றம்லா என்ற வயதான பெண்ணின் கட்டிலைச் சுற்றி, மறைப்பாக, குறுக்குவாட்டில் கயிற்றில் கட்டியிருந்தார்கள். மருமகள் பஹ்மிதா மாமியைக் கட்டிலிலேயே கழுவித் துடைக்கும்போதெல்லாம் தண்ணீர் தெறித்து, ஓரத்து எழுத்துகள் உரியத் தொடங்கியிருந்தன. மன்னார், சிலாவத்துறை, கொண்டச்சி என்று அவள் தேடிய ஊர்கள். இன்னும் கொஞ்சக் காலம் இப்படியே போனால் வெறும் துணிதான் மிஞ்சும்.

"ராத்தா, நல்ல புதுத் திரை தைச்சுக் கொண்டு வாறன். இதைத் தாங்கோ" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் அன்ரோனெற்.

"புதுத் திரையில வாசிக்க என்ன இருக்கு?" என்றாள் றம்லா. "நிக்கிற உங்களுக்கு இந்த எழுத்துப் படுத்துக் கிடக்கும். படுத்துக் கிடக்கிற எனக்கு நேரா நிக்குது. தரமாட்டன்."

றம்லாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து, சத்திரசிகிச்சை செய்து, இனி நடக்கலாம் என்றுதான் ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பியிருந்தார்கள். விழுந்த பயத்தில் றம்லாதான் எழும்பவில்லை. அன்ரோனெற் காலைப் பார்க்கலாமோ என்று கேட்டுவிட்டுப் போர்வையை விலக்கி, அவள் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, "தள்ளுங்கோ" என்றாள். றம்லா தள்ளிய தள்ளில் அன்ரோனெற் கதிரையோடு பின்னால் போனாள்.

"இது கிடக்கிற கால் இல்லை. நீங்களா எழும்பிக் குளிக்கப் போனா இந்த மறைப்புத் தேவையில்லைதானே?"

"போனாப் பாப்பம்."

"போனாச் சீலை எனக்கு."

"ஒரு துணிக்காகவா என்னை நடக்க வைக்கப் போறியள்?"

"ஓம். வேற எதுக்கு வந்தனான்?"

றம்லாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. மற்ற எல்லாரும் "உங்கட நன்மைக்குத்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்ரோனெற் கிழமைக்கு இரண்டு தரம் வந்தாள். முதலில் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு இருக்க வைத்தாள். பிறகு கதிரை முதுகைப் பிடித்து எழும்ப வைத்தாள். றம்லா அவளைப் பொலிஸ்காரி என்று திட்டினாள். தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்ட நாளில், அன்ரோனெற் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டு, "இப்ப சுத்து நிண்டிருக்கும். எழும்புங்கோ" என்றாள். மாமியைத் தூக்க ஓடி வந்த பஹ்மிதாவையும் விடவில்லை. "பக்கத்தில நில்லு, பிள்ளை. விழுந்தா மட்டும் பிடி."

நோன்பு தொடங்க முன்னர் ஒரு நாள், றம்லா நாலு கால் நடைச்சட்டத்தைப் பிடித்து, நகர்த்தி நகர்த்திக் குளியலறைக்குப் போய், கதவைத் தானே சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும்வரை அன்ரோனெற்றும் பஹ்மிதாவும் கதவடியிலேயே நின்றார்கள்.

ஈரத்தலையோடு வந்தவள் கட்டிலில் இருக்காமல், சீலையைக் கழற்றிக் கொடுக்கக் கயிற்றடிக்குப் போனாள். கயிற்று முடிச்சுகள் இறுகிப் போயிருந்ததால் பஹ்மிதா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"வெட்டாதை" என்றாள் றம்லா. "சீலையில பட்டா இவ என்னைத் திரும்பப் படுக்கையில போட்டிடுவா."

ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறு கை நகத்தால் முதல் முடிச்சை நெம்பினாள். அது இளக நெடுநேரம் பிடித்தது. முகம் வேர்த்தது. உடம்பின் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்ரி, நீங்களாவது அவிழ்த்து விடுங்கோவன்" என்றாள் பஹ்மிதா.

"என்ர பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு" என்றாள் அன்ரோனெற்.

அவள் ஒரு கதிரையை இழுத்து றம்லாவின் பின்னால் வைத்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். றம்லா கதிரையைத் திரும்பியும் பாராமல் அடுத்த முடிச்சுக்குக் கையை நகர்த்தினாள்.