குழாய்க்குள் இரண்டு கடல்

அந்தப் பிளாஸ்டிக் குழாயை எடுத்துப் போனது என் புத்தி கெட்ட வேலை. படம் மடங்கக் கூடாதென்று பிளம்பரிடம் கேட்டு வாங்கி, இரண்டு முனையிலும் துணி அடைத்திருந்தேன். எங்கே பார்த்தாலும் குண்டுப் பேச்சாக இருந்த எண்பதுகளின் கடைசி. குழாயோடு பஸ் ஏறினால் யார் சும்மா விடுவார்கள்?

திண்டிவனத்தில் விலங்கியல் டீச்சர் நான். நம் நாடும் இலங்கையும் கடல் சரணாலயங்களை எப்படிக் காக்கின்றன என்று விழுப்புரத்தில் ஒரு ஆசிரியர் கூட்டத்தில் பேச வேண்டும். அதற்காக நானே வரைந்த படம் அது. மீன்பிடிக்கத் தடையுள்ள இடங்களில் சிவப்புக் கோடு. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எனக்குப் பழக்கமானவள், வானூர்ப் பக்கத்து அகதி முகாமில் இருப்பவள். இலங்கையில் அவள் புருஷன் பவளப்பாறை பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டியவன். "அங்க பலகை மட்டுந்தான் நட்டிருக்கினம் அக்கா, காவலுக்கு ஒருத்தரும் இல்லை" என்பாள். அதைக் கூட்டத்தில் அவளே சொல்லட்டும் என்று கூட்டி வந்தேன். முகாமில் அனுமதி வாங்கவில்லை. பிடிபட்டால் அவளை உள்ளே தள்ளிவிடுவார்கள். முகாமில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

விக்கிரவாண்டியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது.

"இன்னாம்மா இது பைப்பு?" ஏட்டு அதைத் தொடாமல் என்னையே பிரிக்கச் சொன்னார். துணியை உருவிப் படத்தை விரித்தேன். இலங்கைக் கடலையும் சிவப்புக் கோடுகளையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நான் டீச்சருங்க. விழுப்புரத்துல கூட்டத்துக்குப் போறேன்."

"இவங்க யாரு?"

"நாத்தனார். வாய் பேச வராதுங்க." வாயைத் திறந்தால் அவள் பேச்சே காட்டிக் கொடுத்துவிடுமே!

"இன்னாத்துக்கு இந்தக் கோடு?"

"மீனைக் காப்பாத்தத்தாங்க. நம்ம பக்கம் வெறும் போர்டுதான். இலங்கையில காவலுக்கு ஆளு போட்டு, படகு வுட்டு..." பயத்தில் இரண்டு நாட்டையும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே அது தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. இல்லை, இல்லையென்று பலமாகத் தலையாட்டினாள்.

ஏட்டு அவளையே பார்த்தார். ஐயோ, தொலைந்தோம்! திண்டிவனத்து நாத்தனாருக்கு இலங்கைக் கடல் எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவள் என் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் படத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் விட்டு என் மடியில் வைத்தார். "ஒண்ணும் இல்லப்பா, ஸ்கூல் படம்" என்று கீழே நின்ற போலீஸ்காரர்களிடம் கத்தினார். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கூட்டம் கீட்டமெல்லாம் வாணாம் டீச்சர். எதிர் பஸ்ஸப் புடிச்சு, நாத்தனாரை ஜல்தியா கேம்ப்ல வுட்டுடுங்க. சாயங்காலம் அங்க பேர் கூப்புட்டுக் கணக்கெடுப்பாங்க."