தேருக்கு லைசென்ஸ் கேட்டவர்

கிரிமினல் நடைமுறைச் சட்டம், 464ஆம் பிரிவு: குற்றம் சாட்டப்பட்டவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர், அதனால் தம் கட்சியை எடுத்துச் சொல்ல முடியாதவர் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால், முதலில் அதை விசாரிக்கவேண்டும், அரசாங்க டாக்டரைக் கொண்டு சோதிக்கவேண்டும். விசாரிக்கலாம் என்று இல்லை, விசாரிக்கவேண்டும் என்றே இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். நாலைந்து மாஜிஸ்திரேட்டுகளுக்கு இதைக் காதோடு சொல்லிக் காப்பாற்றியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

அந்த மனிதர் மயிலாப்பூரில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார். வண்டிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷ குமாஸ்தா. ஜட்காவோ மாட்டு வண்டியோ, நம்பர் தகடு அவர் கையால்தான் போகவேண்டும். ஒரே பிள்ளை டைபாய்டில் போனான். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர், அலுவலகத்தில் கேட்டதைத் தெருவிலும் கேட்க ஆரம்பித்தார். தள்ளுவண்டிக்காரனிடம் லைசென்ஸ் கேட்டதில் நியாயம் உண்டு. தலையில் கூடை வைத்திருந்த தயிர்க்காரியிடமும் கேட்டார். பங்குனியில் சுவாமி தேர் வடக்கு மாடவீதி முனை திரும்பியபோது சக்கரத்துக்கு முன்னால் போய் நின்று வலது கையைத் தூக்கினார். முக்கால் மணி நேரம் தேர் நின்றது. போலீசார் அவரை அப்புறப்படுத்தும்போது அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தது இது: "சக்கரம் நாலு. தகடு இல்லை. ஓட்டுபவர் பெயரைச் சொல்ல மறுக்கிறார்கள்."

பொதுவழியை மறித்ததாக வழக்கு. விசாரணைக்கு முதல் நாள் அவர் மனைவி என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்க கோர்ட்ல பெரிய உத்தியோகம் பார்த்தவர். கூட வந்து உக்காந்தாலே போறும். தண்டனைன்னு ஆயிடுத்துன்னா வேலை போயிடுமாம். அந்த ஆபீஸ் ஒண்ணுதான் அவரை இழுத்துப் பிடிச்சிண்டிருக்கு. அதுவும் போச்சுன்னா ஆள் மிஞ்ச மாட்டார்."

"ஆத்துலயும் கேக்கறாரா?" என்றேன்.

"நேத்து மாவு அரைச்சிண்டிருந்தேன். இது சுத்தறதே, தகடு எங்கேன்னார்."

மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமினேன். வருவதாகச் சொன்னேன். அந்தச் சிரிப்பின் மிச்சத்துக்காகத்தான் போனேன் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் நஷ்டமில்லை.

அது கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு கோர்ட்டு. ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவர் தூங்குவார். நடுவில் இருந்தவர்தான் கோர்ட்டு. வக்கீல் சின்னப் பையன். கறுப்புக் கோட்டின் மடிப்புக்கூடக் கலையவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள் என்று பேசி முடித்திருந்தான். எச்சரித்து அனுப்பினாலும் பதிவேட்டில் அது தண்டனைத் தீர்ப்புதான் என்பது அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முழ தூரம். அவன் என்னைக் கேட்கவில்லை. நான் பொடி போட்டுக்கொண்டேன்.

"குற்றத்தை ஒத்துக்கறீரா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"ஒத்துக்கறேன். லைசென்ஸ் இல்லாத வண்டியை மேலே போகவிட்டது என் குத்தம்தான்."

கோர்ட்டு சிரித்தது. தூங்கியவர் விழித்து, என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

"ஓய், அது சுவாமி ஏறின தேர். அதுக்கு யார் ஓய் லைசென்ஸ் வாங்குவா?"

"உரிமையாளர்தான் வாங்கணும். ஆறு மணி வரைக்கும் பார்த்தேன். யாரும் கையெழுத்துப் போட வரலை." இதைச் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "வாசல்ல நிக்கற கோச்சு வண்டி தங்களோடதா? பின்னால தகட்டைக் காணோம். காலையிலேயே குறிச்சிண்டேன்."

கதவருகே நின்ற கான்ஸ்டபிள் பக்கத்திலிருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "இன்னா நைனா இது, ஐயா வண்டியையே புட்சிட்டாரு. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டா நம்ம லாரிக்கும் கேப்பாரு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கோர்ட்டில் சிரித்ததில்லை. இப்படிப் பேசுகிற மனிதரைப் பார்த்த பிறகும் 464 அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் இருந்த ஒருவன், அதாவது நான், சிரித்துக்கொண்டிருந்தேன்.

கோச்சு வண்டிக்குச் சொந்தக்காரரான நடு மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. "ஒப்புக்கொண்டார். குற்றவாளி. எச்சரித்து விடப்பட்டார்" என்று எழுதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

வெளியே அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "விட்டுட்டாளே மாமா. எல்லாம் நீங்க வந்த வேளை." மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். பத்து நாள் கழித்து, குற்றவாளி என்று தீர்ப்பான காரணத்தால் வேலையிலிருந்து நீக்கியிருப்பதாக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன். மேல்கோர்ட்டுக்கு மனு எழுதினேன்: இவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர், அதை விசாரிக்காமல் தண்டித்தது செல்லாது. தயிர்க்காரி, மாவு அரைத்த கல், கோச்சு வண்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்தேன். அதைவிட நல்ல மனு நான் எழுதியதில்லை. எட்டு மாதத்தில் தண்டனை ரத்தாயிற்று. உத்தரவின் நகலை இணைத்து, அவரை மறுபடி வேலையில் சேர்க்கும்படி அலுவலகத்துக்கும் எழுதினேன். பதில் வரும்வரை அவர் தினமும் பத்து மணிக்கு கோட்டு போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் தபால்காரனுக்காக வாசலில் நின்றாள்.

பதில் நாலு வரி. தண்டனை ரத்தானதைக் கவனித்தார்களாம். ஆனால் மனுதாரர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று அவர் தரப்பிலேயே சொல்லி, மேல்கோர்ட்டும் அதை ஏற்றிருப்பதால், அப்படிப்பட்டவரை வேலையில் வைத்துக்கொள்ள விதிகளில் இடமில்லை. இரண்டு தடவை படித்தேன். தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நல்ல சேதிதானே மாமா?" என்றாள் அவள். கூடத்தில் அவர் கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் பழைய பழக்கத்தில் கடிதத்தின் ஓரத்தில் குறித்தேன்: கைக்கு வந்தது ஆனி மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, இரண்டாவது தபாலில்.