வெங்காய மெஷினுக்கு ஒரு ரகசிய ஓட்டு

போன ஞாயிற்றுக்கிழமை குரும்பலூர் பக்கம் ஒரு தேர்தல் நடந்தது. கட்சி கிடையாது, கொடி கிடையாது. தேர்தல் அதிகாரி — சிரிக்காதீர்கள் — நான்.

சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு, பிடுங்கியதோடு வேலை முடிவதில்லை. காயவைத்துத் தாளையும் வேரையும் நறுக்க வேண்டும். அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. போன வருஷம் ஆளுக்குக் காத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. உழவர் குழுத் தலைவி அமுதாவின் வெங்காயம் களத்திலேயே அழுகிப்போனது.

“இந்த வருஷம் நறுக்குற மெஷின் வந்தே ஆவணும் சார்” என்றார் அமுதா.

பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப் செய்து தர முன்வந்தது — திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு டிசைனைக் கொடுத்தால். தவறினால் அடுத்த வருஷம்தான். டிசைனை யார் தருவது? யார் வேண்டுமானாலும்! விவசாயி, வெல்டர், மாணவி... ‘ஓபன் இன்னோவேஷன்’ என்று இதற்கு நாகரிகமாக ஒரு பெயர் உண்டு. அதைப் பற்றி நான் இரண்டு புத்தகம் படித்திருந்தேன். ஆகவே டிஜிட்டல் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புத்தகம் படிப்பதில் இந்த ஆபத்து உண்டு.

முதலில் எல்லோர் போனிலும் ஓர் ஆப் ஏற்றினேன். கலர் கலராகக் கட்டங்கள்; ஒவ்வொரு யோசனையும் ஒரு சீட்டாகக் கட்டம் கட்டமாக நகரும். பெரிய பெரிய கம்பெனிகள் இதை வைத்துத்தான் திட்டம் போடுகின்றனவாம். ஒரு வாரத்தில் நகர்ந்தது ஒரே சீட்டு. ‘டெஸ்ட்’ என்று எழுதி நானே போட்டது.

“வெங்காயம் அரியற கையோட அதுல எப்படி சார் டைப் பண்றது? வாய்ஸ் போடச் சொல்லுங்க, கொட்டும்” என்றார் அமுதா.

கொட்டியது. வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு, வீடியோ, கரித்துண்டால் தரையில் வரைந்த படம்... நடுநடுவே காதுகுத்து அழைப்பிதழும். ஒருவர் யோசனையை இன்னொருவர் திருத்த, கடைசியில் நாலு டிசைன் தேறின. ஒன்று என் மனைவியின் தம்பி முருகேசனுடையது. அரியலூரில் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். அவன் மெஷின் தேர் மாதிரி இருந்தது. நகர்த்தவும் அத்தனை பேர் வேண்டும்.

யோசனை கொட்டிய இடத்திலேயே தேர்வையும் முடித்துவிடலாமே? சனிக்கிழமை அதே குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நாலு டிசைனுக்கும் சரிசமமான ஓட்டு. எல்லோரும் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறார்கள்!

அமுதாவுக்குப் போன் செய்தேன். “என்னம்மா இது?”

“யாரு எதுக்குப் போட்டாங்கன்னு பேரோட காட்டுதே சார். எங்க சின்ன மாமனாரும் டிசைன் குடுத்திருக்காரு. போடலன்னா வர்ற வளைகாப்புல அவரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது?” கூடவே, “நீங்களுந்தான் நாலுக்கும் போட்டிருக்கீங்க” என்றார்.

போட்டிருந்தேன். மச்சினன் பார்ப்பானே!

அப்போதுதான் உறைத்தது. யோசனை சொல்லும்போது பெயர் தெரிய வேண்டும், பெருமையே அதில்தான். தேர்ந்தெடுக்கும்போது தெரியக் கூடாது. இல்லாவிட்டால் சொந்தபந்தம் தாங்காது. இரண்டுக்கும் ஒரே கருவியா? அரிவாள்மனையால் ஷேவ் செய்துகொள்வது மாதிரி அல்லவா!

உடனே பெயர் கேட்காத ஆன்லைன் படிவம் ஒன்று தயாரித்தேன். நாலு படம். பிடித்ததைத் தொட்டால் போதும்.

“எங்க போன்லேர்ந்து போட்டா நம்பர் தெரிஞ்சிடும்ல?” — கேட்டது ஒரு குரல் அல்ல, குரூப்பே கேட்டது.

சரி, எல்லோருக்கும் ஒரே போன். என்னுடையது. ஞாயிறு காலை, அமுதா வீட்டு உர மூட்டை அறையில், மூட்டை மேல் அதை வைத்தேன். டிசைன் தந்தவர்களுக்கும் ஓட்டு உண்டு. வெங்காயம் போட்டவள் என்ற முறையில் என் மனைவிக்கும் உண்டு. ஒவ்வொருவராக உள்ளே போய், தொட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வெளியே வந்தார்கள். நானும்தான்.

வீட்டு முன் களத்தில் எல்லோரையும் கூட்டி அமுதா முடிவை வாசித்தார். கீழப்பழுவூர் மாணவி ஒருத்தியின் சைக்கிள் பெடல் மெஷின், அமோக வெற்றி. வாசித்த கையோடு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார் தலைவி. சின்ன மாமனாருக்குக் கௌரவமான தோல்வி. முருகேசனுக்கு...

பூஜ்யம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முருகேசன்தான் முதலில் சிரித்தான்.

“எனக்கு நானே போடல மச்சான்! அந்தப் பொண்ணோடதப் பாத்தப்புறம் என் கை என் படத்துப் பக்கமே போவல. ஃப்ரேம் வெல்டிங் என்னோடது, இப்பவே சொல்லிட்டேன்!”

களமே கைதட்டியது. அமுதா அங்கேயே பாலிடெக்னிக்குக்குப் படத்தை அனுப்பினார். மழைக்கு முன்னால் மெஷின் வந்துவிடும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பைக்கில் திரும்பும்போது பின்னாலிருந்து மனைவியின் குரல்:

“ஏங்க... என் தம்பிக்கு நீங்ககூடவா போடல?”

“நீ?”

பெரம்பலூர் வரும்வரை வெங்காய விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

ரகசிய ஓட்டெடுப்பு நல்ல கருவிதான். என்ன, பூஜ்யம் விழுந்தால் மட்டும் எல்லோர் பெயரும் தெரிந்துவிடுகிறது!