தெருவைப் பிளந்த கோடு

ஜெயங்கொண்டம் பக்கத்தில் எங்கள் ஊரில் வார்டு எல்லையைத் திருத்தியபோது, எங்கள் தெருவை நடுவில் பிளந்தார்கள். தெற்கு வரிசை வீடுகள் மூன்றாம் வார்டு, வடக்கு வரிசை நான்காம் வார்டு. தெரு ஒன்றாக இருந்தால் எங்கள் ஆளை நிறுத்தி ஜெயித்துவிடுவோம் என்று பயந்து, பழைய மெம்பர்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து இதைச் செய்தார். நினைத்தபடியே மூன்றில் அவரும் நான்கில் அவர் மச்சானும் ஜெயித்தார்கள்.

தெருக்குழாய் உடைந்ததென்று போனால் அவர், "அது மச்சான் வார்டுங்க" என்பார். மச்சானோ, "மாமாகிட்ட கேளுங்க" என்பார். ஐந்து வருஷம் பக்கத்துத் தெருவிலிருந்து குடம் சுமந்தேன்.

மறு தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த இருவருக்கும் நானே ஆரத்தி எடுத்தேன். ஆரத்தி எடுத்தால் ஓட்டு விழுந்துவிட்டதாகவே நினைக்கும் மனிதர் மெம்பர். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

பாதித் தெருவால் யாரையும் ஜெயிக்க வைக்க முடியாது, கவிழ்க்க முடியும். இரண்டு வரிசையும் எதிராளிகளுக்கே குத்தினோம். இருவரும் தோற்றார்கள்.

"ஆரத்தி எடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே?" என்று மெம்பர் வாசலில் வந்து நின்றார்.

"தெருவப் பிரிக்காம இருந்திருந்தா உங்க ஒருத்தரோட போயிருக்குங்க," என்றேன். "நீங்க கோடு போட்டதாலதான் மச்சானும் சேந்து போயிட்டாரு."