ஆக்ஸிலியா சிஸ்டரின் ரெண்டே கால் மணி வகுப்பு

நான் மைக் செட்காரன். பேர் சேனாதிபதி, ஊர் பாலசமுத்திரம், கடை கொடைக்கானல்ல. இருபத்திரெண்டு வருஷமா இந்த மலையில நடக்குற மாநாடு, கருத்தரங்கு, பயிற்சி முகாம் முக்கால்வாசிக்கு மைக்கும் ப்ரொஜெக்டரும் நம்மளதுதான். பல் டாக்டர் மாநாடு, பேங்க் மேனேஜர் மாநாடு, தேனீ வளர்க்குறவங்க மாநாடுன்னு நான் கேக்காத பேச்சு கெடையாது. கேட்டுக் கேட்டு எனக்கே ரெண்டு பல்லு புடுங்க வரும்னு வச்சுக்கங்களேன்.

எந்த மாநாடா இருந்தாலும் நடக்குற விதம் ஒண்ணுதான். காலையில குத்துவிளக்கு, வரவேற்புரை, அப்புறம் சால்வை. முன்னிலை வகிக்கிறவருக்கு ஒரு சால்வை, அவரைக் கூட்டிட்டு வந்தவருக்கு ஒரு சால்வை, அவரு வண்டிய ஓட்டுனவரு கொஞ்சம் டீசன்டா சட்டை போட்டிருந்தா அவருக்கும் ஒண்ணு. விஷயத்துக்கு வரப் பதினொன்றரை ஆயிரும். ரெண்டே காலுக்கு நான் லைட்டை அணைச்சு ஸ்கிரீன்ல படம் போடுவேன் பாருங்க, வெளிய குளிரு, வயித்துல பிரியாணி, மொத்த ஹாலும் சாஞ்சிரும். கடைசியில மேடையில இருக்கிறவரு, "ஏதாவது சந்தேகம் இருக்கா?"ன்னு கேப்பாரு. ஒரு ஆளு வாயத் திறக்கணுமே! ஆனா அதே ஆளுங்க டீக்கு வரிசையில நிக்கும்போது பேசுற பேச்சு இருக்கே, அம்மாடி, என் ஸ்பீக்கர் தோத்துரும்.

ஆக்ஸிலியா சிஸ்டரை நான் மொதல்ல பாத்தது போன வருஷம் அந்த ரெண்டே கால் மணியிலதான். கிராம சுகாதார செவிலியர்களோட ரெண்டு நாள் கூட்டம். தொண்ணூறு பேரு இருப்பாங்க.

சிஸ்டர் செண்பகனூர்க்காரங்க. அப்பா ஒரு ஸ்கூல் ஹாஸ்டல்ல சமையல்காரரு. படிச்சு முடிச்சதும் வேலை கெடச்சது அடிவாரத்துல, அய்யம்பாளையம் பக்கம். பதினேழு வருஷமா அங்கதான். மலையில பொறந்த உடம்பு, கீழ வெயில் தாங்காது. கர்சீப் பத்தாதுன்னு தோள்ல ஒரு துண்டோடதான் ஸ்கூட்டில போவாங்க. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதி தடுப்பூசின்னு நோட்டைப் பாக்காம சொல்லுவாங்க. ஊசிக்குப் பயந்து ஏதாவது வீட்டுல பிள்ளையை ஒளிச்சு வச்சா சண்டையெல்லாம் போட மாட்டாங்க. "சரிக்கா, ஒரு டீ மட்டும் குடுங்க, குடிச்சிட்டுப் போறேன்"னு உக்காந்துருவாங்க. ரெண்டாவது டீ முடியிறதுக்குள்ள பிள்ளை தானா எட்டிப் பாக்கும். ஆனா பத்து பேரு சேர்ந்து நின்னு பாத்தா போச்சு. சத்தம் தொண்டையோட நின்னுரும்.

அப்பேர்ப்பட்டவங்களைப் போன வருஷம் மேடையேத்தி விட்டாரு டாக்டர் ஜெபக்குமார். பயிற்சியெல்லாம் அவரு பொறுப்பு. தங்கமான மனுஷன், ஆனா ஸ்லைடு பைத்தியம். தலைப்பு பாம்புக்கடி முதலுதவி. நாப்பத்தெட்டு ஸ்லைடு! சிஸ்டர் வாசிக்க ஆரம்பிச்சாங்க. பத்தொம்பதாவதுல சத்தம் நின்னுருச்சு. நான் மைக்குலதான் கோளாறுன்னு ஓடிப்போய்ப் பாக்குறேன், மைக் நல்லாத்தான் இருக்கு. மூணு நிமிஷம் அப்படியே நின்னாங்க. முன்வரிசையில ரெண்டு பேரு சிரிச்சாங்க. அப்புறம் ஒரு மாதிரி மீதியை வாசிச்சு முடிச்சு, ஒரு சால்வையை வாங்கிட்டு எறங்கிட்டாங்க.

இந்த வருஷக் கூட்டத்துக்கு மொத நா, நான் ஹால்ல ஒயர் இழுத்துட்டு இருக்கேன், சிஸ்டர் நேரா எங்கிட்ட வந்தாங்க. "அண்ணே, நாளைக்கு ரெண்டே காலு எனக்குத்தான். ஸ்கிரீன் வேணாம், மேடை வேணாம், மைக்கும் வேணாம்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "அப்ப நான் எதுக்கு சிஸ்டர்? வீட்டுக்குப் போயிரவா?"

"நீங்கதான் முக்கியமா வேணும்"ன்னாங்க. பக்கத்துல ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்து சொன்னாங்க.

போன வருஷம் அந்தப் பாம்புக்கடிப் பேச்சு பேசி நாலு மாசத்துல, அவங்க ஊருத் தென்னந்தோப்புல வேலப்பன்னு ஒரு ஆளைக் கண்ணாடி விரியன் கடிச்சிருக்கு. தகவல் வந்து பத்து நிமிஷத்துல சிஸ்டர் அங்க. என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியாதா? இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, கடிச்ச காலை ஆடாம அசையாம வச்சு வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஆனா அங்க இருபது பேரு கூடி நிக்கிறாங்க. வேலப்பனோட அண்ணன் வேலுமணி கயித்தை இறுக்கிக் கட்டிட்டு, "மந்திரிக்கிறவருகிட்டத் தூக்குங்கடா"ன்னு கத்துறாரு. சிஸ்டர் ரெண்டு தடவை சொல்லிப் பாத்திருக்காங்க. யாரு காதுலயும் ஏறல. மூணாந்தடவை சத்தமே வரல. மூணு மணி நேரம் வீணாகி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தப்ப கைய மீறிப் போச்சு. மறுநா காலையில ஆளு போயிட்டாரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக அவருக்கு.

"நாப்பத்தெட்டு ஸ்லைடையும் நான்தானே வாசிச்சேன். என் வாய்ல இருந்து வந்த வார்த்தை எனக்கே அன்னைக்கு உதவலண்ணே. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாம அவரு சாகல. எனக்குக் கூட்டத்தை நிறுத்தத் தெரியல. அதைத்தான் இங்க பழகணும். இந்தத் தொண்ணூறு பேர்ல இன்னொருத்தி என்னை மாதிரி வாயடைச்சு நிக்கக் கூடாது."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"நீங்க அண்ணன் வேலுமணி. கத்தணும். இப்பச் சித்த முன்னாடி அந்த டெக்கரேஷன்காரரைத் திட்டுனீங்கல்ல, அதே மாதிரி."

பாத்தீங்களா! இருபத்திரெண்டு வருஷ அனுபவத்துல நம்மகிட்ட அவங்களுக்குப் புடிச்சது அந்த ஒண்ணுதான்.

டாக்டர் ஜெபக்குமாருக்கு விஷயம் தெரிஞ்சதும் மூஞ்சி சுருங்கிப் போச்சு. "ஸ்லைடு இல்லாம எப்படிம்மா? கூத்து மாதிரி ஆயிரும். நாப்பத்தஞ்சு நிமிஷந்தான். சொதப்புனா அடுத்த வருஷம் பழையபடி ஸ்லைடுதான், பேசுறதும் நான்தான்"னுட்டாரு.

மறுநா ரெண்டே காலு. சேரையெல்லாம் சுவத்தோரம் ஒதுக்கியாச்சு. நடுவுல ஒரு ஜமுக்காளம், அதுல ஒரு நர்ஸைப் படுக்க வச்சாச்சு. தூங்கலாம்னு வந்தவங்க உக்கார எடமில்லாம முழிக்கிறாங்க. சிஸ்டர் மெதுவா, பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி சொன்னாங்க: "ஜமுக்காளத்துல படுத்திருக்கிறவங்களைப் பாம்பு கடிச்சிருக்கு. நீங்க எட்டுப் பேரு சொந்தக்காரங்க, இந்த மைக் செட்காரரு கூடப் பொறந்த அண்ணன். யாராவது ஒருத்தர் நர்ஸா வாங்க. ஆஸ்பத்திரி வண்டியில ஏத்திட்டா ஜெயிச்சீங்க." அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் ஓரமாப் போய் நின்னுக்கிட்டாங்க.

நான் ஆரம்பிச்சேன் பாருங்க! "ஏலே, கயித்தை எடுங்கடா! எந்தம்பி கெடக்கான், நீங்க வேடிக்கையா பாக்குறீங்க?" ஹால் அதிருது. மைக் இல்லாம ஒரு கூட்டத்துல நான் பேசுனதே அன்னைக்குத்தான். சொந்தக்காரங்களா வந்த சிஸ்டர்ங்க அதுக்கு மேல. ஒருத்தங்க மாரடிச்சு அழுறாங்க, ஒருத்தங்க வேப்பிலை கொண்டாங்குறாங்க, ஒருத்தங்க பொழைக்க மாட்டான்னு முடிவே பண்ணிட்டாங்க. எல்லாம் வீடு வீடாப் போய்ப் பாத்ததுதானே, சொல்லியா குடுக்கணும்?

மொத நர்ஸ், "கட்டக்கூடாது, அறிவியல்படி…"ன்னு ஆரம்பிச்சாங்க. "நீ படிச்ச படிப்புல எந்தம்பியப் பொழைக்க வைப்பேன்னு எழுதிக் குடும்மா"ன்னேன். காலி. ரெண்டாவது ஆளு அதட்டிப் பாத்தாங்க, நான் அதுக்கு மேல அதட்டுனேன். மூணாவது ஆளு கெஞ்சுனாங்க. நாலாவது போலீஸைக் கூப்பிடுவேன்னாங்க, சொந்தக்காரங்க எட்டுப் பேரும் பாய்ஞ்சுட்டாங்க. சுத்தி நிக்கிறவங்க ஆளாளுக்கு ஐடியா குடுக்குறாங்க, ஒருத்தரும் தூங்கல. எனக்கோ தலைகால் புரியல. ஏழு பேரைத் தோக்கடிச்சுட்டேன்! டாக்டர் வாட்சைப் பாக்குறாரு. முப்பத்தஞ்சு நிமிஷம் ஓடிருச்சு. சிஸ்டர் மூஞ்சியப் பாத்தேன், துண்டை முறுக்கிக்கிட்டே நிக்கிறாங்க. பாவம், அவங்ககிட்டயும் விடை இல்லங்குறது அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது.

எட்டாவதா ராஜகுமாரின்னு ஒருத்தங்க வந்தாங்க. ஒட்டன்சத்திரம் பக்கம் வேலை, வீட்டுக்காரரு காய்கறி மார்க்கெட்ல லோடுமேன். வந்தவங்க படுத்திருந்த ஆளைக் கூடப் பாக்கல. நேரா எங்கிட்ட வந்து என் ரெண்டு கையையும் புடிச்சாங்க.

"அண்ணே, நீங்கதான் மூத்தவரா? உங்க பேச்சைத்தான் இங்க எல்லாரும் கேப்பாங்க. இந்தக் கால் ஆடுனா வெஷம் ஏறும். எனக்கு அவ்வளவு பலம் இல்ல. ரெண்டு கையாலயும் ஆடாம நீங்க புடிச்சுக்கங்க. புடிச்சுட்டீங்களா? விட்றாதீங்க. இப்ப அவங்களை வழிவிடச் சொல்லுங்க, வண்டி வரணும்."

நான் குனிஞ்சு காலைப் புடிச்சிருக்கேன். எப்பக் குனிஞ்சேன்னு எனக்கே தெரியல. என் வாய் எட்டுப் பேரையும் பாத்து, "ஏலே, வழி விடுங்கடா, வண்டி வரட்டும்!"னு கத்துது.

ஹாலே கைதட்டுச்சு. "எப்பிடிங்க தோணுச்சு?"ன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க. ராஜகுமாரிக்கு வெக்கம். "எங்க மார்க்கெட்ல தெனமும் சண்டைதான். கத்துறவரு கையில ஒரு மூட்டைய புடிக்கக் குடுத்துட்டா சத்தம் கொறைஞ்சிரும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. மனுஷன் கத்துறது வேற ஒண்ணும் செய்ய வழியில்லாமதானே?"

அதுக்கப்புறம் ஆறு ஆறு பேராப் பிரிஞ்சு ஒவ்வொருத்தரும் அதைச் செஞ்சு பாத்தாங்க. டாக்டர் வாட்சைக் கழட்டிப் பையில போட்டுட்டாரு. அவரையே ஒரு குரூப்பு ஜமுக்காளத்துல படுக்க வச்சிருச்சு. நாலரை மணி டீ ஆறிப் போய்க் கெடந்துச்சு, குடிக்க ஆளில்ல.

ஆனா ஆக்ஸிலியா சிஸ்டர் சிரிக்கல. ஓரத்துச் சேர்ல உக்காந்து துண்டை மூஞ்சில வச்சுக்கிட்டு அழுதாங்க. கிட்டப் போனேன். "எனக்கு அது தோணலியேண்ணே. அவரு என் முன்னாலதான் நின்னாரு. அவரு கையில காலைக் குடுத்திருக்கலாமே"ன்னாங்க. இவ்வளவு நேரம் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு குதிச்சுக்கிட்டு இருந்தேன் பாருங்க, என் மேலயே எனக்குக் கோவம் வந்துச்சு.

ரெண்டாம் நா மத்தியானம் கூட்டம் முடிஞ்சதும், "அண்ணே, உங்க வேன்ல என்னைய அய்யம்பாளையம் வரைக்கும் கொண்டு போய் விடுவீங்களா? வேலுமணி அண்ணனைப் பாக்கணும்"ன்னாங்க. தாண்டிக்குடி வழியா எறங்குனோம்.

வேலுமணி தோப்புல மட்டை அடுக்கிட்டு இருந்தாரு. நான் நெனச்ச மாதிரி முரட்டு ஆளு இல்ல, ஒடிஞ்சு போன மனுஷன். சிஸ்டரைப் பாத்ததும் விலகிப் போகப் பாத்தாரு.

"நில்லுங்கண்ணே. அன்னைக்கு உங்களைச் சும்மா கத்த விட்டுட்டு நான் ஓரமா நின்னுட்டேன். தம்பி காலை நீங்கதான் ஆடாமப் புடிக்கணும், வண்டியில நீங்கதான் ஏத்தணும்னு உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். எனக்கு அப்பத் தெரியல. மன்னிச்சுருங்க."

அவரு மட்டையைக் கீழ வச்சாரு. "ஊரே நான்தான் கொன்னேன்னு சொல்லுது சிஸ்டர். நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்." தன் ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தாரு. "காலை எங்கையில குடுத்திருந்தா புடிச்சிருப்பேன். ஆஸ்பத்திரி வரைக்கும் விட்டிருக்க மாட்டேன்."

சிஸ்டர் கூட்டத்துல நடந்ததையெல்லாம் சொன்னாங்க. ஜமுக்காளம், எட்டுப் பேரு, ராஜகுமாரி, எல்லாம். கேட்டு முடிச்சவரு, "அண்ணனா யாரு நடிச்சது?"ன்னாரு.

"நான்தாங்க"ன்னேன்.

மேலயும் கீழயும் என்னையப் பாத்தாரு. அப்புறம் சிஸ்டர் பக்கம் திரும்பி, "அடுத்த தடவை என்னையக் கூப்பிடுங்க. நான் வந்து கத்துறேன். என்னைய நிறுத்தப் பழகட்டும்"ன்னாரு.