முனிக்குக் கொண்டுபோன விஸ்கி

ஸ்காட்லாந்தில் நான் வேலை செய்யும் விஸ்கி வடிசாலையில், தினமும் காலை கைப்பேசியை வாசலில் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே காற்றிலேயே சாராய ஆவி கலந்திருக்குமாம். ஒரு சின்னப் பொறி போதுமாம். கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல இருக்கிறதே என்று முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துப் பெண். எங்களுக்குச் சாராயம் என்றால் மலிவு விலைச் சம்சுதான். அதைக் கண்டு பயந்தவர்கள் குடிக்கிறவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் மட்டுமே.

இந்த ஸ்பே ஆற்றங்கரையிலோ அதற்குப் பரம்பரைப் பெருமை பேசுகிறார்கள். முளைகட்டிய பார்லி, மலைத் தண்ணீர், செம்புக் கொப்பரை, பிறகு ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் உறக்கம். மேற்குத் தீவுக்காரர்கள் சதுப்பில் வெட்டிய கரிமண்ணை எரித்துப் பார்லியை உலர்த்துவதால் அவர்கள் சரக்கில் புகை நாறும்; எங்கள் சரக்கில் ஆப்பிளும் தேனும் மணக்கும். பாருங்கள், 'எங்கள்' என்று எழுதிவிட்டேன். கடைக்குப் போகும் விஸ்கியில் தண்ணீர் சேர்த்து வீரியத்தைக் குறைப்பார்கள். குறைக்காமல் பீப்பாயில் இருந்தபடியே அடைத்தால் அது காஸ்க் ஸ்ட்ரெங்த். போன முறை ஊருக்குப் புறப்பட்டபோது அதில் பன்னிரண்டு வருடச் சரக்கு ஒரு போத்தல் கொடுத்தார்கள். முனிக்குத்தான் இது என்று கிடங்கில் கூட வேலை செய்யும் ஈவனிடம் சொன்னேன். அவன் பெட்டியின் மேல், "மிஸ்டர் முனிக்கு, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குடிக்கவும்" என்று எழுதித் தந்தான். எங்கள் தோட்டத்துக் காவல்சாமியான முனியை என் சித்தப்பா என்று நினைத்துவிட்டான் போல. நான் விளக்கப் போகவில்லை.

விமானத்தில்தான் எனக்கு உறைத்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முனிக்குப் படைத்த முதல் கிளாஸை, படையல் கொடுத்த வீட்டின் மூத்த ஆண் பிரசாதமாக ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அப்பா போனபின் எங்கள் வீட்டின் மூத்த ஆண் என் அண்ணன். ரவாங்கில் பெயிண்டுத் தொழிற்சாலையில் வேலை. ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, 'இனி தொட்டால் திரும்பி வரமாட்டாய்' என்று டாக்டர் சொன்னபின் குடியை விட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. போத்தலை மறைத்துவிடலாம் என்றால், நான் போனில் சொன்னதை அம்மா அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்.

"ஒரு வாய் பிரசாதம்டி. அது எப்படி குடியாவும்?" என்றார் அம்மா, வீடு போய்ச் சேர்ந்ததும் நான் தடுத்தபோது.

படையலன்று அண்ணன் ஓட்ட, பழைய தோட்டத்துக்குக் காரில் போனோம். அங்கே நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசை இடிபட்டு, எண்ணெய்க்குச் செம்பனை நட்டாகிவிட்டது. முனி மட்டும் தன் மரத்தடியில் இருக்கிறார். "அண்ணே, வேணாம்னு சொல்லிடு" என்றேன். "சாமி முன்னாடி எப்படி லா சொல்றது? பேசாம வா" என்றான், சாலையைப் பார்த்தபடி.

அந்தி சாய்ந்து மரத்தடி இருட்டிக்கொண்டு வந்தது. பூசாரி மாமா சுருட்டைப் பற்றவைத்து வைத்தார், கிளாஸ் நிறைய ஊற்றினார். குறைந்தபட்சம் வீரியமாவது குறையட்டும் என்று, "மாமா, கொஞ்சம் தண்ணி கலந்து..." என்று இழுத்தேன்.

"என்னாம்மா நீ! தண்ணி கலந்து சாமியவே ஏமாத்தறதா?" என்று சீறினார்.

அண்ணன் சூடத்தட்டை ஏற்றி, கிளாஸுக்கு ஒட்டினாற்போல வைத்தான். பகலெல்லாம் காய்ந்த வெக்கை. குப்பென்று கிளாஸின் மேல் நீலமாக நெருப்பு எழும்பியது. "ஐயோ!" என்று கூட்டம் பின்வாங்கியது. பூசாரி மாமாவின் கைரோமம் கருகியது. அவரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முனி தானே எடுத்துக்கிட்டாரு! இத்தன வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல!"

காரணம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அடுத்த கிளாஸ் ஊற்றுவார்கள். கைகூப்பி நின்றேன். அண்ணன் போத்தலை எடுத்தான். "அப்ப மிச்சமும் அவருக்குத்தான் மாமா" என்று வேரடியில் மொத்தத்தையும் கவிழ்த்தான். பன்னிரண்டு வருடம் பொறுமையாக இருந்த சரக்கு ஒரு நிமிடத்தில் மண்ணுக்குள் போனது. நெருப்பும் தானே அடங்கியது.

திரும்பும் வழியில் அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டார். அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "எங்க ஃபேக்டரியில தின்னர் பக்கத்துல லைட்டர்கூட வுடமாட்டாங்க. பெட்டியில எத்தன பர்சென்டுன்னு நேத்தே படிச்சிட்டேன்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"ஆனா ஊத்தறப்ப வாசம் வந்துச்சு பாரு, ஒரு வாய் வெச்சிக்கலாமான்னு ஆயிடுச்சு. செத்துட்டேன் தங்கச்சி. அடுத்த வருஷம் வெறுங்கையோட வா."

நான் அழுதேன். அவன் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான்.

இப்போது அவன் வேலை முடிந்து வீடு சேரும் நேரம் எனக்கு மதியம். தினமும் ஒரே ஒரு செய்தி அனுப்புவான். அவன் வழியில் சாராயக் கடைகள் உண்டு, கூட்டாளிகள் உண்டு. நான் அந்நேரம் பீப்பாய்களுக்கு நடுவே, அவன் உயிரைக் குடிக்கப் பார்த்த அதே வாசத்தைச் சுவாசித்துக்கொண்டு, சம்பளத்துக்கு அதைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே பெட்டிக்குள் என் கைப்பேசி அதிர்ந்தாலும் எனக்குக் கேட்காது. சாப்பாட்டு மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடுகிறேன். அப்படி என்ன பசி என்று ஈவன் சிரிக்கிறான். குளிரில் விறைத்த விரலால் திரையைத் தேய்க்கிறேன்.

'இன்னிக்கும் இல்ல லா.'

அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.